இல்லை என்று சொல்லாமல் இருப்பது

2013 ஜனவரி 15, செவ்வாய்க்கிழமை. ஓகேகியூபிட் என்ற அமெரிக்க டேட்டிங் தளம் தன் உறுப்பினர்களின் புகைப்படங்கள் அத்தனையையும் ஏழு மணி நேரத்துக்கு எடுத்துவிட்டது. முகம் தெரியாத சந்திப்புக்கென்று புதிதாக ஒரு செயலி தொடங்கியிருந்தார்கள். அதற்கான விளம்பரம் இது. அந்த ஏழு மணி நேரத்தில் எழுதப்பட்ட முதல் கடிதங்களுக்கு வழக்கத்தைவிட 44 சதவீதம் அதிகமாகப் பதில் வந்தது. பேச்சு ஆழமாகப் போயிற்று. தொலைபேசி எண்களைச் சீக்கிரமே கொடுத்துக்கொண்டார்கள். மாலை நான்கு மணிக்குப் படங்கள் திரும்பி வந்தபோது, முகம் பார்க்காமல் தொடங்கிய பேச்சின் நடுவில் 2,200 பேர் இருந்தார்கள். படங்கள் வந்ததும் அந்தப் பேச்சுகள் கரைந்துபோயின. தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரட்டர் அடுத்த வருஷம் ஜூலையில் இதைப் பற்றி எழுதினார், சற்றுப் பெருமையுடனேயே.

மனிதன் முகத்துக்கு அடிமை என்பதுதான் இதிலிருந்து பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் பாடம். அதைத் தெரிந்துகொள்ள நமக்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. என்னை உறுத்துவது வேறு. நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு அந்த 2,200 பேரில் எவரும் எவரிடமும் 'போதும், இத்தோடு நிறுத்திக்கொள்வோம்' என்று சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பேச்சு கரைந்தது. யாரும் அதைக் கரைக்கவில்லை. நான்கு மணிவரை எதிரில் ஓர் ஆள் இருந்தார். நான்கு மணிக்குப் பிறகு ஒரு படம் இருந்தது. படத்துக்கு யாரும் பதில் கடன்பட்டவர்கள் அல்ல.

இந்தச் செயலிகள் காதலைச் சந்தையாக்கிவிட்டன என்று நம் மார்க்ஸிய நண்பர்கள் எழுதுகிறார்கள். ஈவா இலூஸ் என்ற சமூகவியலாளர் 2007-லேயே, இன்னும் செயலிகள் வராத காலத்தில், இணையத் துணைதேடலைப் பற்றி ஏறக்குறைய இதையே, இவர்களைவிட நன்றாக, சொல்லியிருக்கிறார். உண்மையாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் நம்மிடமிருந்து இந்தக் குற்றச்சாட்டு வரும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. சம்பளம், நிறம், உயரம், உட்பிரிவு, சவரன் என்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் நாலு பக்கம் விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எந்தத் தரகரும் தன் தொழிலைச் சந்தை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டதில்லை. எண்ணைக் கொண்டு பொருத்தம் பார்ப்பதும் நமக்குப் புதிதல்ல. பத்துக்கு ஏழு பொருந்தினால் மேலே பேசலாம் என்பது நம் வீடுகளில் கேட்டுப் பழகிய வாக்கியம். ரட்டர் குழுவினர் 30 சதவீதம் மட்டுமே பொருந்தியவர்களிடம் 90 சதவீதம் பொருந்துகிறது என்று பொய் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள், பேச்சையும் வளர்த்தார்கள். நம் ஜோசியர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஆகவே சந்தை புதிதல்ல, எண் புதிதல்ல. புதிது என்று எனக்குத் தோன்றுவது மறுப்புக்கு நேர்ந்திருக்கும் கதி.

டிண்டர் 2012-ல் வந்தது. அதன் ஏற்பாடு மிகவும் எளியது. ஒரு முகம் வருகிறது. வேண்டாமென்றால் விரலால் இடப்பக்கம் தள்ளவேண்டும், வேண்டுமென்றால் வலப்பக்கம். இருவரும் ஒருவரையொருவர் வலப்பக்கம் தள்ளியிருந்தால் மட்டும் பேச வழி திறக்கும். நான் வலப்பக்கம் தள்ளி, அந்தப் பெண் என்னை இடப்பக்கம் தள்ளியிருந்தால் அது எனக்குத் தெரியவே தெரியாது. இந்த ஒரு யுக்தியின் மேல்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது என்று நினைக்கிறேன். காதலைக் கேட்பதில் இருந்த பயம், கேட்டு இல்லையென்றாகி ஊர் நடுவில் நிற்பதன் பயம், இதில் இல்லை. ஏற்பு மட்டுமே காதில் விழும். மறுப்பு எங்கோ, நமக்குக் கேட்காத இடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது.

முடிந்துவிடுகிறது என்பதும் சரியல்ல. மறுக்கப்பட்டவனுக்குத் தெரியாதே தவிர இயந்திரத்துக்குத் தெரியும். செஸ் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்கும் ஈலோ என்ற மதிப்பெண் முறையைப் போன்ற ஒன்றை வைத்து டிண்டர் தன் உறுப்பினர்களைத் தரம் பிரித்துவந்தது 2016-ல் வெளியே தெரிந்தது. அது பழைய முறை, இப்போது இல்லை என்று 2019-ல் கம்பெனி அறிவித்தது. ஆனால் ஒருவரைப் பிறர் விரும்பும்போதும் தள்ளும்போதும் அவருக்குக் காட்டப்படும் முகங்கள் மாறும் என்பதையும் அதே அறிவிப்பில் சொன்னார்கள். என் மேல் விழும் ஒவ்வொரு மறுப்பும் என் கணக்கில் பற்று வைக்கப்படுகிறது. பாஸ்புக் மட்டும் என் கைக்கு வருவதில்லை.

பாஸ்புக் என்று எழுதிவிட்டேன். தொழில் புத்தி. நான் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கும் மனிதர்களை ஏற்பதும் மறுப்பதும்தான் வேலை. அங்கும் 300-லிருந்து 900 வரை ஒரு மதிப்பெண் ஆளுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 2003-ல் ரிசர்வ் வங்கி கடன் கொடுப்போருக்கான நியாய நடைமுறைகளை வகுத்தபோது, இரண்டு லட்சம் ரூபாய்வரை கேட்கும் சிறிய மனுதாரருக்குக் கடன் மறுக்கப்பட்டால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்று சொன்னது. பிறகு எல்லாக் கடன்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அந்தக் கடிதங்களை எங்கள் கிளையில் டைப் செய்கிறவன் நான். வறண்ட கடிதம். 'தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்ததில்' என்று தொடங்கி மூன்று வரியில் முடியும். பரிசீலித்தவரின் மனசு அதில் இல்லை என்பதை நானே சொல்வேன். ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கவுண்ட்டருக்கு வந்து 'இது என்ன சார்?' என்று கேட்க முடிகிறது. அப்படிக் கேட்கிற உரிமை அந்த மூன்று வரியில் இருக்கிறது. தையல் மெஷினுக்குப் பணம் கேட்டு வந்தவருக்கு ஒரு வங்கி இதைக் கடன்பட்டிருக்கிறது. நாலு மாதம் இரவு ஒரு மணிவரை பேசிக்கொண்டிருந்தவருக்கு நாம் கடன்படவில்லையா?

நாலு மாதம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் கிளையில் ஓர் இளைஞர், ப்ரொபேஷனரி ஆபீஸர். பதவியில் எனக்கு மேலே, வயதில் பன்னிரண்டு வருஷம் கீழே. ஆகவே இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'சார்' என்கிறோம். ஒரு செயலியில் பழக்கமான பெண்ணோடு நாலு மாதம் பேசியிருக்கிறார். இரண்டு முறை நேரில் சந்தித்திருக்கிறார்கள். பிறகு ஒரு நாள் பேச்சு நின்றது. சண்டை எதுவும் இல்லை. கோஸ்டிங் என்று இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் பேய் குறைந்தபட்சம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளும். அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று பழைய பேச்சுகளைத் தோண்டிப் பார்க்கவும் வழியில்லை. அந்தப் பெண் 'அன்மேட்ச்' செய்துவிட்டதால் மொத்த உரையாடலும் அவர் பக்கத்திலும் மறைந்துவிட்டது. 'இல்லைன்னாவது சொல்லியிருக்கலாம் சார்' என்றார். இதை அவர் மூன்று நாட்களில் ஏழெட்டு முறை சொல்லியிருப்பார்.

ஒரு வாரம் கழித்து மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, டீ வருவதற்குள், அவர் மறுபடியும் செல்போனில் முகங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முகத்துக்கு இரண்டு விநாடிகூட இல்லை. முப்பது நாற்பது பேர் போயிருப்பார்கள்.

'இவங்களுக்கெல்லாம் ஏதாவது சொன்னீங்களா சார்?' என்றேன்.

'இவங்களுக்குத்தான் தெரியவே தெரியாதே' என்றார்.

கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டதாக அப்போது நினைத்துக்கொண்டேன். யோசிக்க யோசிக்க அவர் பதிலில் நியாயம் இருப்பதாகப்பட்டது. தெருவில் கடந்து போகிறவர்களில் எத்தனை பேரை நாம் காதலிக்காமல் கடந்து போகிறோம். அவர்களிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. முன்பின் அறியாத முகத்தைத் தள்ளுவது மறுப்பே அல்ல. சிக்கல், முன்பின் அறியாத முகத்தைத் தள்ளுகிற விரலும் நாலு மாதம் அறிந்தவரை அனுப்பிவிடுகிற விரலும் ஒன்றாக இருப்பதில்தான். இரண்டுக்கும் ஒரே அளவு சிரமம், ஏறக்குறைய ஒரே பட்டன். எளிதாகச் செய்ய முடிவதை நாளடைவில் எளிய விஷயம் என்றே நம்பிவிடுகிறோம்.

நம் பழைய ஏற்பாட்டில் மறுப்பு நேர்மையாக இருந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். பெண் பார்த்து, சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்று, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று சொல்லிப் போனவர்களை எனக்குத் தெரியும். என் பெரிய அக்காவுக்கு ஆறு கடிதங்கள் வரவில்லை. ஏழாவது வந்தது, ஜாதகம் பொருந்தவில்லை என்று. அதுவும் பொய், ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, 'இவனாவது எழுதினான்' என்றார். அந்தப் பொய்யை இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். காரணம் சொல்லவேண்டிய கடமை தனக்கு இருக்கிறது என்று எண்ணுகிறவன்தான் பொய்க் காரணம் தேடுவான். மற்ற ஆறு பேருக்கும் இந்தச் செயலிகளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. காலம் மட்டும்தான் வித்தியாசம் என்று தோன்றுகிறது. அக்கா ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மாதம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை இவ்வளவு தூரம் எழுதி, என்னுடைய கட்சி 'மறுப்பை முகத்துக்கு நேரே சொல்லவேண்டும்' என்பது என்று முடித்து, நம் வட்டத்தில் ஒரு பெண் கவிஞரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சொன்னது: 'இல்லைங்கிறதைக் கேக்கிற இடத்திலிருந்து எழுதியிருக்கீங்க. சொல்ற இடத்திலே நின்னு பாருங்க.' பிறகு காரைக்காலை நினைவுபடுத்தினார். 2012 நவம்பரில் ஓர் இளம் பொறியாளர், தன்னை மணக்கக் கேட்டவனுக்கு இல்லை என்று சொன்னதற்காக அமிலத்தால் எரிக்கப்பட்டார். கண் பார்வை போய், மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, 2013 பிப்ரவரியில் இறந்தார். அந்தப் பெண் முகத்துக்கு நேரே சொன்னவர். குடும்பமும் சொன்னது.

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? ஒரு கட்டுரையாளன் தன் வாதத்துக்கு எதிரானதை நடுவில் ஒரு பாராவில் வைத்து, அதற்கு ஒரு பதிலும் சொல்லி, மேலே போய்விடுவது வழக்கம். அப்படிப் போகக்கூடிய விஷயமல்ல இது. மறுப்பின் விலை ஆணுக்கு அவமானமாகவும் பெண்ணுக்கு உயிராகவும் இருக்கிற ஊரில், மறுப்பைச் சத்தமில்லாமல் செய்யவிடும் ஒரு கருவியைப் பெண்கள் ஆயுதமாகவே எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். பம்பிள் என்ற செயலி 2014-ல் வந்தபோது, ஆணும் பெண்ணுமாகப் பொருந்திய ஜோடியில் முதல் வார்த்தையைப் பெண்தான் பேசவேண்டும் என்று விதித்தது. பத்து வருஷம் அப்படியே நடத்தி 2024-ல்தான் தளர்த்தியது. அந்த விதிக்கான தேவை எங்கிருந்து வந்தது என்பதை ஆண்கள் யோசிப்பதில்லை. என் ஆபீஸ் இளைஞரின் நாலு மாதக் கதையை அந்தப் பெண்ணின் பக்கமிருந்து நான் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது சந்திப்பில் என்ன நடந்தது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆக, முகத்துக்கு நேரே என்பதை அடித்துவிட்டேன். மீதி என்ன இருக்கிறது?

கணிதத்தில் ஒரு சமாச்சாரம். 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இருவர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்ப வரிசை. யாரும் யாரையும் விட்டு ஓடிப்போகாதபடி எல்லோரையும் ஜோடி சேர்க்க முடியுமா என்பது கேள்வி. முடியும் என்று நிரூபித்தார்கள். ஷாப்லிக்கு 2012-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஹிஞ்ச் என்ற செயலி தினம் ஒருவரை 'உங்களுக்கு மிகவும் பொருத்தமானவர்' என்று காட்டும் வசதியை 2018-ல் கொண்டுவந்தபோது இந்தக் கணக்கைப் பயன்படுத்துவதாகச் சொன்னது. கணக்கு இப்படிப் போகிறது: ஒவ்வொரு ஆணும் தன் வரிசையில் முதலில் இருப்பவளிடம் போய்க் கேட்கிறான். அவள் வந்தவர்களில் தனக்குப் பிடித்த ஒருவனை நிறுத்திவைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறாள். அனுப்பப்பட்டவன் அடுத்த வீட்டுக்குப் போகிறான். நாளை இன்னும் நல்லவன் வந்தால் நிறுத்திவைக்கப்பட்டவனும் அனுப்பப்படுவான். காதல் என்ற சொல்லே தேவைப்படாத ஏற்பாடு. ஸ்திரமான ஜோடி என்பதற்கு அதில் ஒரே பொருள், வேறு போக்கிடம் இல்லாத ஜோடி. ஆனால் எனக்கு அதில் ஒன்று பிடித்திருக்கிறது. இல்லை என்பது தெளிவாகச் சொல்லப்படாவிட்டால் அந்தக் கணக்கு நகராது. அனுப்பப்பட்டவனுக்குத் தான் அனுப்பப்பட்டது தெரிந்தால்தான் அவன் அடுத்த வாசலுக்குப் போவான். தெரியாவிட்டால் அங்கேயே நிற்பான். இத்தனை உணர்ச்சியற்ற ஒரு ஏற்பாட்டுக்கும், இல்லை என்ற சொல் இல்லாமல் முடியவில்லை.

கீர்க்ககார்டை நம் வட்டத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அவர் ரெகினே ஓல்சனை மறுத்த விதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1841 ஆகஸ்டில் மோதிரத்தைக் கடிதத்தோடு திருப்பி அனுப்பினார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் பிறகு அக்டோபர் வரை இழுத்தது. தன்னை அவள் வெறுத்துவிட்டால் அவளுக்குச் சுலபமாக இருக்கும் என்று தன்னை ஓர் அயோக்கியனாகக் காட்டிக்கொள்ள முயன்றார். கோப்பன்ஹேகன் முழுக்க ஏசியது. பிறகு எழுதிய புத்தகங்களில் பாதி அவளுக்குச் சொல்லவேண்டியிருந்த காரணத்தின் வெவ்வேறு வடிவங்கள் என்று சொல்லலாம். வேறொருவரை மணந்துகொண்ட அவளுக்கே தன் உடைமைகளை எழுதிவைத்துவிட்டு 1855-ல் செத்துப்போனார். இதை உதாரண புருஷனின் நடத்தை என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணை அவர் படுத்தியது கொஞ்சமல்ல. இன்றைக்கு அவருக்கு ஒரு அன்மேட்ச் பட்டன் கிடைத்திருந்தால் ரெகினேவுக்கு நல்லதாகவே போயிருக்கலாம். ஆனால் ஒருவருக்கு இல்லை என்று சொல்வது தன் பங்குக்குத் தன்னையும் கொஞ்சம் செலவழிக்கிற காரியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செலவே இல்லாத மறுப்பு என்ற ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அமெரிக்காவில் 2017-ல் சந்தித்த ஆண்–பெண் ஜோடிகளில் ஏறக்குறைய 39 சதவீதம் இணையத்தின் வழியாகச் சந்தித்தவர்கள் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோஸன்ஃபெல்டும் அவர் சகாக்களும் 2019-ல் எழுதினார்கள். நண்பர்கள் மூலம் சந்திப்பதைவிட இது அதிகம். நண்பர் மூலம் சந்தித்தவரை விட்டு விலகினால் நண்பருக்காவது பதில் சொல்லவேண்டும். சித்தப்பாவுக்கு, தரகருக்கு, பக்கத்து வீட்டு மாமிக்குப் பதில் சொல்லவேண்டும். இவர்களிடமிருந்து தப்பித்ததை ஒரு விடுதலை என்றே நான் நினைக்கிறேன். ஜாதி கேட்காத ஒரு வாசல் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது. அதை மூடச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் இவர்கள் எல்லோரும் போன பிறகு, பதில் கேட்க எதிரில் இருப்பவர் ஒருவர் மட்டும்தான் மிச்சம். அவரையும் மறையவைக்கும் வசதி கையில் இருக்கிறது.

அந்தக் கவிஞரிடம் இதையும் சொன்னேன். முகத்துக்கு நேரே வேண்டாம், இரண்டு வரி எழுதிவிட்டுப் பிறகு மறையட்டும், பயமிருந்தால் அதுவும் வேண்டாம், பயமில்லாதபோதாவது என்று. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'நீங்க எழுதறீங்களா?' என்றார்.

எதைக் கேட்கிறார் என்று உடனே புரிந்தது. இந்தப் பத்திரிகைக்கு வரும் கவிதைகளில் ஒரு பகுதியை ஆசிரியர் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். பிரசுரத்துக்கு ஆகாதவற்றுக்குப் பதில் போடும் பழக்கம் எங்களிடம் கிடையாது; நம் எந்தச் சிறுபத்திரிகையிலும் கிடையாது. இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் தபால்தலை ஒட்டிய உறையோடு கவிதை அனுப்பிவிட்டு அந்த உறை திரும்பி வருமா என்று காத்திருந்தவர்கள்தான். ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து ஓர் இளைஞர் அனுப்பிய மூன்று கவிதைகள் என் மேஜை டிராயரில் ஏழு மாதமாக இருக்கின்றன. இரண்டு சுமார், ஒன்று மோசம். மூன்று வரியில் சொல்லிவிடலாம். வங்கியில் தினம் எழுதுகிறேன். என் பயம் என்னவென்று கேட்டால், அவர் 'ஏன்?' என்று திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்பதைத் தவிர எதுவும் இல்லை.